சூடாகாத சர்வர்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று கேட்பதே இல்லை சார். கேபினட் கறுப்பா வெள்ளையா என்றுதான் கேட்பார்கள். திருப்பூரில் பத்து வருஷம் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

முதஸ்ஸிரும் நானும் அதில் ஐந்து வருஷம் கூட்டாளிகள். குமரன் ரோட்டில் மாடிக்கடை. நான் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அவன் இங்கேயே பிறந்தவன். எங்கள் கடையில் ஒரே ஒரு கம்பெனியின் சிப்தான் விற்போம். நீல ஸ்டிக்கர். அதிகம் விற்றதற்காக அந்தக் கம்பெனி எனக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும் அது கண்ணில் படும்படி மாட்டியிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் போட்டிக் கம்பெனி ஒரு புது சர்வர் சிப் இறக்கியது. பச்சை ஸ்டிக்கர். முதஸ்ஸிர் அதைப் பற்றி எங்கெங்கோ படித்துவிட்டு வந்தான்.

"பாண்டிண்ணா, ஒரே சிப்புல ரெண்டு மூளைங்ணா. கரண்ட்டும் கம்மி, சூடும் கம்மி. நாமளும் அதையே எடுத்து விக்கலாங்ணா."

"நமக்குச் சோறு போட்டது இதுதான்டா" என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. இரண்டு மாதம் கழித்து எதிர்த்த கட்டிடத்திலேயே தனிக்கடை போட்டான். திறப்பு விழாவுக்கு என்னைத்தான் முதலில் கூப்பிட்டான். போனேன். பிரியாணி நன்றாக இருந்தது.

பெருமாநல்லூரில் அப்புசாமி என்பவரின் பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது நான். அவர் பெரிய சர்வர் ஒன்று வாங்க வேண்டும் என்றதும் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அவரோ எங்கள் இருவரையும் ஆளுக்கொரு மெஷின் கொண்டுவரச் சொன்னார். ஆபீஸ் நடுவில் இரண்டையும் வைத்து ஒரே வேலையைக் கொடுத்தார்கள். அவன் மெஷின் பதினோரு நிமிஷத்தில் முடித்தது. என்னுடையது பத்தொன்பது.

அதுகூடப் பரவாயில்லை. அப்புசாமி எழுந்து வந்து இரண்டின் மேலும் கை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க பாண்டி, உங்குளுது தோசக்கல்லாட்டச் சுடுதுங்களே. தம்பியோடது பச்சத்தண்ணியாட்ட இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முதஸ்ஸிர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணனுது நல்ல மெஷினுங்க. கொஞ்சம் பழைய மாடல், அவ்வளவுதானுங்க" என்றான். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அப்புசாமி அவன் மெஷினையே வாங்கினார். அதற்குப் பிறகு எனக்கு இருந்ததெல்லாம் ஒரு தொழில்முறை ஆர்வம்தான். அந்தச் சிப் உண்மையிலேயே சூடாகாதா என்று பார்க்க வேண்டும். யூ.பி.எஸ். பார்க்கப் போகும்போதெல்லாம் சர்வர் ரூம் ஏ.சி.யை நிறுத்தினேன். காற்று போகும் ஓட்டைகளைத் துணியால் அடைத்தேன். பக்கத்துச் சாயப்பட்டறையின் வெக்கை வேறு அந்தச் சுவரில் இறங்கும். மூன்று வாரம் அப்படியே செய்தேன். ஆபீஸில் இருக்கும் வேல்விழியிடம் சர்வர் எப்படி இருக்கிறது என்று கேட்பேன்.

"இது வந்ததுலருந்து ஒருநாளும் நின்னதில்லீங்க சார்" என்பாள் அந்தப் பெண்.

மூன்று வாரமும் அதே பதில். சாப்பாடு இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் எதிரே அவன் படியில் ஏறுகிறவர்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மெஷினிடம் ஒரு குறையும் இல்லை என்று அப்போது ஒப்புக்கொண்டேன். நான் நியாயமானவன் சார். நல்ல பொருளை நல்ல பொருள் என்று சொல்வேன்.

ஆகவே மெஷினை விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அப்புசாமியின் ஆபீஸிலிருந்து முதஸ்ஸிருக்குப் போன் செய்தேன். "உன் சர்வர்ல ஃபேன் சத்தம் ஒரு மாதிரியா வருதுடா. கம்ப்ளைன்ட் ஆகுறதுக்குள்ள வந்து பார்த்துரு" என்றேன்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சுங்ணா. ஜும்மாவுக்கு முன்னாடியே வந்து பாத்துட்டுப் போயர்றேன்."

அவன் வருவதற்குள் கேபினட்டின் எர்த் வயரைக் கழற்றி, அதன் உடம்பில் கரண்ட் ஏறும்படி செய்துவைத்தேன். வேல்விழி தவறித் தொட்டுவிடக் கூடாதே என்று அவளை ஸ்டோருக்கு அனுப்பினேன். யாருக்கும் வீணாக ஒன்றும் ஆகக் கூடாது. அதில் நான் கவனமானவன்.

தூசி போகக் கூடாது என்று சர்வர் ரூமுக்குள் செருப்போடு போகக் கூடாதென்பது அவன் போட்ட சட்டம். வாசலில் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரம் வைத்தான். தொழுகைக்குப் போகிறவன் ஆதலால் அப்போதுதான் கைகால் கழுவியிருந்தான்; பாதத்தில் ஈரம். நான் ஷூ போட்டிருந்தேன்.

"எங்கீங்ணா சத்தம்? ஒண்ணும் கேக்கலையே" என்று குனிந்து கை வைத்தான்.

அவன் தரையில் கிடந்தபோது நான் திரையைத்தான் பார்த்தேன். சர்வர் நிற்கவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். அவன் மனைவி சாயிமாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அடக்கம் செய்யும் மையவாடி வரை சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். ஆளைக் கொன்ற மெஷின் வேண்டாம் என்று அப்புசாமி அதைத் தூக்கிவிட்டு, அடுத்த வாரமே என்னிடம் நீல ஸ்டிக்கர் சர்வர் வாங்கினார். அன்று திரும்ப மாட்டும்போது எர்த் வயரின் பழைய ஸ்க்ரூ எங்கோ உருண்டுபோனதால் புதுசு ஒன்றைப் போட்டிருந்தேன். அதைத்தான் உங்கள் ஆள் கண்டுபிடித்தார். கெட்டிக்காரர்.

ஆமாம், முதஸ்ஸிரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஆனால் இங்கே, வாக்குமூலத்தின் மூன்றாவது வரியில், "பொறாமையால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். நேற்று முளைத்த பயல் அவன். அவன்மேல் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது?