பன்றி வழக்கு இருந்த பக்கம்

அச்சான பக்கத்தின் அடியில் வெற்றிடம் தெரிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பல் போன வாயைப் பார்ப்பது போலிருக்கும். என் கூட்டாளி லூதர் ஹேஸ்கல் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்.

நீங்கள் கொடுத்த காபி நன்றாக இருந்தது, ஷெரிப். கூடவே சொன்ன நல்ல வார்த்தையும் மனதுக்கு இதமாக இருந்தது. உங்கள் உதவியாளர் எழுதிக்கொள்ளட்டும். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

அப்போதெல்லாம் நெப்ராஸ்காவின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அச்சாகி எங்கள் ஊர்ப் பக்கம் வருவதற்குள் ஆடியும் போகும், ஆவணியும் போகும். அதனால் லூதரும் நானும் தலைநகருக்குப் போய்த் தீர்ப்புகளைப் படித்து, ஒவ்வொன்றையும் சில வரிகளில் சுருக்கி, ஒரே புத்தகமாக அச்சிட்டு விற்றோம். ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்கும் நீதிபதி கிரேனின் பையில் பைபிளும் அதுவும்தான் இருக்கும். "புத்தகத்துல இல்லாதது சட்டமில்ல" என்பது அவர் பேச்சு. வக்கீல்களும் அதையே நம்பினார்கள்.

எங்கள் அச்சு இயந்திரத்தைக் கையால் சுற்றி ஓட்டியவன் ராஸ்மஸ். டென்மார்க்கிலிருந்து வந்தவன். வாசலில் நின்று பூட்ஸை அத்தனை நேரம் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். வந்ததும் அடுப்பில் நிலக்கரி போடுவான். படிக்கத் தெரியாது. ஆனாலும் தினமும், "ஐயா, இன்னைக்கு எந்தப் பக்கம் ஓடுது?" என்று கேட்பான். எண்ணைச் சொன்னால், அந்தப் பக்கத்தையே படித்து முடித்தவன் போலத் தலையாட்டுவான்.

ஒரு நாள் லூதர் எங்கள் அச்சுக்கடையைக் கிழக்கிலிருந்து வந்த ஒரு கம்பெனிக்கு விற்கப் போவதாகச் சொன்னார்.

"அவங்க நம்ம புத்தகத்த நிறுத்திடுவாங்களே" என்றேன்.

"நிறுத்தட்டுமே ஆரின். நமக்கும் வயசாகுது. இனிமே பக்கத்துல வெத்திடம் விழுந்தா நீ ஏன்பா அழணும்?" என்று சிரித்தார்.

புத்தகங்களை அழுத்திப் பைண்டு செய்யும் கருவியின் கழற்றிய இரும்புப் பிடி என் கையில் இருந்தது. அடித்தேன். போதவில்லை என்று தோன்றியது. இன்னொரு முறை அடித்தேன். முதலில் உட்கார்ந்தார், பிறகு சரிந்தார். நான் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்ப் பன்றி இறைச்சியும் பீன்ஸும் சாப்பிட்டேன். அன்று பசி இருந்தது.

ராஸ்மஸ் வந்து அவரை மடியில் தூக்கிப் போட்டிருக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். அன்றைய ஷெரிப் அவனிடம், "ஒத்துக்கடா, கப்பலேத்தி உன் ஊருக்கே அனுப்பிடறேன்" என்றாராம். அவன் மனைவி காரென் பிள்ளைத்தாய்ச்சி. ஊருக்குப் போகலாம் என்ற ஆசையில் தன் கைநாட்டை வைத்துவிட்டான். அதைத் தவிர அவனுக்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவனுடைய வக்கீல் பாய்ட் சின்ன வயதுக்காரர். என்னிடம்தான் வந்தார்.

"ஐயா, ஷெரிப் ஆசை காட்டி வாங்கின வாக்குமூலம் செல்லாதுன்னு போன வருஷம் ஒரு தீர்ப்பு வந்துச்சாமே?"

"புதுப் பதிப்பு இந்த வாரம் வருது தம்பி. இருந்தா அதுல இருக்கும்."

இருந்தது. சுருக்கியவனே நான்தான். பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு, அடிப்பகுதி. பாய்ட் போனதும் அச்செழுத்துகளைக் கோத்து வைத்திருந்த சட்டகத்திலிருந்து அந்த வரிகளை எடுத்துவிட்டேன். வெற்றிடம் விழுந்தது. அதை அப்படியே விட முடியுமா? அடுத்தவன் சோளக்கொல்லையில் பன்றி புகுந்த வழக்கு ஒன்று கையில் இருந்தது. அளவெடுத்தது போல் பொருந்தியது. ராஸ்மஸ் சிறையில் இருந்ததால் அந்தப் பக்கத்தை நானே சுற்றி அச்சிட்டேன்.

கோர்ட்டில் பாய்ட் அந்தத் தீர்ப்பைப் பற்றி எழுந்து சொன்னதும் கிரேன் புத்தகத்தைத் திறந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். பாய்ட் தன் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார். அதுவரை தலைகுனிந்திருந்த ராஸ்மஸ் நிமிர்ந்தான். அத்தனை பேச்சில் அவனுக்குப் புரிந்தது அந்த ஒரு கேள்விதான். பதில் தெரிந்த ஆள் நான் என்பது போல என்னைப் பார்த்தான்.

தூக்கிலிட்டார்கள்.

குளிர் தொடங்கினால் வாசலில் பூட்ஸ் துடைக்கும் சத்தம் கேட்கும், ஷெரிப். அத்தனை நேரம் துடைப்பான். பிறகு அடுப்பின் கதவு திறக்கும். மேஜையருகே வந்து நிற்பான். கழுத்து நேராக இருக்காது. "ஐயா, என்னோடது எந்தப் பக்கம்?" என்பான். எனக்குப் பயம். வேறு வார்த்தை இல்லை, பயம்தான். அடுத்த பதிப்பில் பன்றியை எடுத்துவிட்டு அந்தத் தீர்ப்பை அதே இடத்தில் வைத்தேன். புத்தகத்தை அவன் முன் விரித்தும் காட்டினேன். அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதே.

இன்று காலை கோப்பையை என் பக்கம் நகர்த்தி, "எல்லாத்தையும் கொட்டிடுங்க பெரியவரே. தூக்கு விழாம நான் பாத்துக்கறேன், சத்தியம்" என்றீர்கள். உங்கள் உதவியாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நம்பித்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஆகவே இந்த வாக்குமூலம் செல்லாது. ஷெரிப் ஆசை காட்டி வாங்கியதை இந்த மாநிலத்தில் எந்தக் கோர்ட்டும் ஏற்கக் கூடாது. சந்தேகமிருந்தால் புத்தகத்தைப் பாருங்கள். ராஸ்மஸுக்கு நடந்த அநியாயம் இன்னொருவனுக்கு நடக்கக் கூடாது என்றுதான் நானே அதைச் சேர்த்தேன்.

வாசலில் யாரோ பூட்ஸ் துடைக்கிறார்கள். உங்களுக்குக் கேட்கவில்லையா? உள்ளே வந்து கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், ஷெரிப்: இருநூற்றுப் பன்னிரண்டு.