உப்புக்கு ஆறு துளை

கார்பனுக்கு நான்கு, நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று என முப்பத்தோராண்டுகள் மர உருண்டைகளில் துளையிட்டுத் தந்த துல்லியத்தின் தலைவியே! கண்ணுக்கு எட்டாத அணுக்களைக் கைக்கு அடக்கமாக்கி, பள்ளி ஆய்வகங்களின் மேசைதோறும் மூலக்கூறுகளை முளைக்கச் செய்தவரே! எதைக் கண்டாலும் ‘ஏன்?’ என்று கேட்டு எங்களைத் திணறடித்த எங்கள் ‘ஏன் அக்கா’வே! பணி நிறைவு பெறும் இந்நாளில் பட்டறைத் தோழர்கள் அனைவரின் வணக்கம்.

இம்மடலில் ஒரு பாராட்டும் ஒரு மன்னிப்பும் இருக்கின்றன. பாராட்டை எழுத ஒரு மாலை போதுமானதாக இருந்தது. மன்னிப்பைக் கேட்கப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே வழக்கம்போல் பாதியில் எழுந்து கேள்வி கேட்டுவிடாமல், கடைசிவரை பொறுமையாகக் கேட்டருள வேண்டுகிறோம்.

சுவரில் தொங்கும் துளை அட்டவணையை நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருந்தோம். நீங்கள் ஒருவர்தான் அதைப் படித்தீர்கள். ஆக்சிஜனுக்கு இரண்டு துளை என்றால் புதிதாக வந்தவர் எவரும் நேரெதிராக இரண்டு போட்டுவிடுவார். குச்சி செருகியதும் தண்ணீர் மூலக்கூறு துணி காயப்போடும் கம்பிபோல் நீட்டி நிமிர்ந்து நிற்கும். நீங்கள் இன்னோர் உருண்டையை எடுத்து, எந்திரத்தின் தாங்கியைச் சாய்த்துவைத்து, நூற்றைந்து பாகையில் துளைத்துக் காட்டுவீர்கள். தண்ணீர் ஏன் வளைகிறது என்று கேட்டவரும் நீங்களே. ஆக்சிஜனிடம் கைகோக்காமல் மிஞ்சியிருக்கும் எலக்ட்ரான் இணைகள் தமக்கும் இடம் வேண்டுமென்று நெருக்கித் தள்ளுகின்றன என்று உங்கள் மகளின் பாடநூலில் தேடிக் கண்டவரும் நீங்களே.

ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரியவைக்கும், இரண்டும் சேர்ந்தால் தீயை அணைக்கிற தண்ணீர் எப்படி வரும் என்று ஒரு வாரம் எங்களைத் துளைத்தெடுத்தீர்கள். கல்யாணம் ஆனால் எல்லாரும் அப்படித்தான் அடங்கிப்போவார்கள் என்று பெட்டி கட்டும் அண்ணன் சொல்லிப் பார்த்தார். நீங்கள் சிரித்தீர்கள், ஒப்புக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் காலையில் பதிலோடு வந்தீர்கள். எரிய வேண்டியதெல்லாம் சேரும்போதே எரிந்து முடிந்துவிட்டது, தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்த சாம்பல் என்றீர்கள். அண்ணன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்று தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் குவளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி உப்புக்கு வருகிறோம். முந்நூறு பள்ளிகளுக்கு உப்பின் மாதிரி வடிவம் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அட்டவணையில் சோடியத்துக்கு ஒன்று, குளோரினுக்கு ஒன்று. ஓர் உருண்டை, இன்னோர் உருண்டை, நடுவே ஒரு குச்சி. வேலை சுலபம் என்று நாங்கள் மகிழ்ந்தோம். துளையைக் கொண்டே உலகத்தைப் பார்த்தவர்கள் வேறெப்படி நினைப்போம்? நான்காம் நாள் மதியம், துளையின் விளிம்பைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியின் கீழ் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பார்த்தீர்கள். பிறகு எந்திரத்தை நிறுத்தினீர்கள்.

“ரெண்டு பேர் கையப் பிடிச்சிக்கிட்டா அதோட முடிஞ்சுபோச்சே. அப்புறம் ஒவ்வொரு உப்புக் கல்லும் பெட்டி பெட்டியா, மூலையும் விளிம்புமா எப்படி நிக்குது? இது தப்பு. நான் துளைக்க மாட்டேன்.”

மேற்பார்வையாளர் அட்டவணையைக் காட்டினார். நீங்கள் கண்ணாடியைக் காட்டினீர்கள். பெட்டிகள் தேங்கின, அனுப்பும் தேதி நெருங்கியது, அவருக்குக் கோபம் தலைக்கேறியது. நீங்கள் வேலையைக் கெடுப்பதாக ஒரு தாளில் எழுதி, எங்களிடம் கையெழுத்துக் கேட்டார். பதினொரு பேர் போட்டோம். உங்களை எந்திரத்திலிருந்து எடுத்து மரத்தூள் அள்ளும் வேலைக்கு அனுப்பினார்கள்; மாத முடிவில் வேலையே போகும் என்றும் பேச்சு அடிபட்டது.

பத்தொன்பது நாள் தூள் அள்ளினீர்கள். வேலை முடிந்த மாலைகளில், பையில் இரண்டு உருண்டைகளோடு கல்லூரி வேதியியல் துறை வாசலில் போய் நின்றீர்கள். மூன்றாம் முறை பேராசிரியர் ஒருவர் உள்ளே அழைத்தார். உங்கள் சந்தேகம் சரிதான் என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்தீர்கள். உப்புக்குள் தனி இணை என்று எதுவும் இல்லை. சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரின், குளோரினைச் சுற்றி ஆறு சோடியம். பெட்டிக்கு இரண்டு உருண்டை என்றிருந்தது இருபத்தேழாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஆறு துளை. அத்தனையும் துளைக்க உங்களைத் தவிர வேறு கை இல்லை.

எந்திரத்துக்குத் திரும்பிய அன்று எங்களைத் திட்டுவீர்கள் என்று தலை குனிந்து காத்திருந்தோம். நீங்களோ கண் மின்ன ஓடிவந்தீர்கள்.

“சோடியம் ஒரு எலக்ட்ரானக் குடுத்துடுது, குளோரின் வாங்கிக்குது. ஆனா குடுத்தவன் யாரு, வாங்கினவன் யாருன்னு அப்புறம் கணக்கே பாக்கறதில்ல. சுத்தி இருக்கிற ஆறு பேரையும் ஒரே மாதிரி இழுத்துப் பிடிச்சிக்குது. தெரியுமா உங்களுக்கு?”

எங்களுக்குத் தெரியவில்லை, அக்கா. உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்ட நீங்கள், ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று மட்டும் எங்களை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

கேட்காத கேள்விக்கு இன்று பதில் சொல்கிறோம். பயம்தான். நீங்கள் சொன்னது சரியாக இருக்குமென்று எங்களில் சிலருக்கு அன்றே தோன்றியது, தோன்றியும் போட்டோம். அதற்காக இந்தச் சபையறிய மன்னிப்புக் கேட்கிறோம். சட்டமிட்டு மாட்டப்போகும் மடலில் இதெல்லாம் எதற்கு, உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் படிப்பார்களே என்று சிலர் தயங்கினார்கள். படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதியிருக்கிறோம்.

முழங்கால் வலி குறைந்து, கண்ணொளி குன்றாது, உற்றாரும் பேரப்பிள்ளைகளும் சூழ, நாளொரு கேள்வியும் பொழுதொரு பதிலுமாக நூறாண்டு நலமுடன் வாழ்க! பதில் கிடைக்காத நாட்களில் பட்டறைப் பக்கம் வாருங்கள். எங்களுக்கும் தெரியாது என்றாலும் உடன் உட்கார்ந்து யோசிப்போம்.

இங்ஙனம்,
அன்று அந்தத் தாளில் ஒப்பமிட்டு இன்றும் இங்கே பணிபுரியும் எழுவரும், பின்னர் வந்து சேர்ந்த ஒன்பதின்மரும்.

இங்கே முதல் கையெழுத்து, உருண்டைகளுக்கு வண்ணம் பூசி, இம்மடலையும் எழுதியவனுடையது. அந்தத் தாளிலும் முதல் கையெழுத்து என்னுடையதுதான், அக்கா.