பேரை மறைச்சுட்டுப் பாருங்க

இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... அப்புறம் உங்க வீட்டுச் சண்டைக்கு வருவோம்.

சிறுசேரியில ஒரு கம்பெனி. அங்க உமையாள்னு ஒரு பொண்ணு, பஸ் நேரம் கணக்குப் போடற புரோகிராம்ல ஒரு மாத்தம் பண்ணினா. அரை நிமிஷத்துல முடிஞ்ச வேலை, இப்ப பத்து நிமிஷம் இழுக்குது.

அவ டீம் லீடர் ஜெபராஜ் என்ன செஞ்சார்? கம்பைலர்னு ஒண்ணு இருக்கு... நாம எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தித் தரும். நேரா மாத்தாது. நடுவுல தனக்காக ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கும். உமையாள் மாத்தறதுக்கு முன்னாடி வந்த நடு எழுத்தையும், மாத்தினப்புறம் வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சார். மாறின வரியெல்லாம் சிவப்பா தெரியும். தெரிஞ்சுது... மூவாயிரம் வரி.

"என்னம்மா இது? எதைத்தான் விட்டு வச்சே? திங்கட்கிழமையிலேருந்து வேற டீம் பார்த்துக்கோ."

அழுதாளா? அழலை. "சார், நான் தொடாத பழைய புரோகிராமையே எடுங்க. சம்பந்தமில்லாம மேல ஒரே ஒரு ஃபங்ஷன் சேர்த்து, சேர்க்காததோட ஒப்பிட்டுப் பாருங்க." ஃபங்ஷன்னா கல்யாண விசேஷம் இல்லை... புரோகிராம்ல ஒரு வேலையைச் செய்யற குட்டித் துண்டு.

பார்த்தார். மறுபடியும் ஸ்கிரீன் பூரா சிவப்பு.

விஷயம் என்னன்னா... எல்லாத்தையும் ஃபங்ஷனாவே எழுதற வகை புரோகிராம் அது. கம்பைலர் அந்த நடு எழுத்துல ஒவ்வொரு துண்டுக்கும் வரிசையா எண் போட்டு, நூத்துக்கணக்குல பேர் வச்சுக்கும். லேசா எதையாவது நகர்த்தினா எண் தள்ளிப்போய் எல்லாப் பேரும் மாறிடும். வேலை மாறாது... பேர்தான் மாறும். இவ்வளவு நேரம் மனுஷன் கோபப்பட்டது வெறும் பேரைப் பார்த்து.

"அந்த எண்ணையெல்லாம் மறைச்சுட்டுப் பார்ப்போம் சார்." மறைச்சாங்க. மூவாயிரம் எங்க போச்சு? மிச்சம் ஒரே ஒரு இடம்.

அந்த ஒரு இடம் யாரோடது? அவளோடதுதான்... ஒரு தடவை போட்டு வச்சுக்க வேண்டிய கணக்கை, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முதல்லேருந்து போட வச்சிருக்கா. அவளே சொன்னா: "இது என் தப்புதான் சார். இதுக்குத் திட்டுங்க, வாங்கிக்கறேன். இப்பவே சரி பண்ணிடறேன்."

ஜெபராஜ் திட்டலை. "பண்ணிட்டு வாம்மா, உன் டீம்லயே இரு"ன்னார்.

இப்ப சொல்லுங்க தாய்மார்களே... மருமக வந்து ஆறு மாசத்துல "வீட்டையே தலைகீழா ஆக்கிட்டா"ன்னு புலம்பறீங்களே, என்ன மாறிச்சு? சாம்பார்ப் பொடி டப்பா வேற அலமாரிக்குப் போச்சு. துணி துவைக்கிற கிழமை மாறிச்சு. இதையெல்லாம் கொஞ்சம் மறைச்சுட்டுப் பாருங்க... நிஜமாவே உங்களுக்கு வலிச்சது ஒண்ணு இருக்கும். அதை மட்டும் கேளுங்க.

மூவாயிரம் குத்தம் சாட்டினா எந்தப் பொண்ணும் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்ப்பா. ஒண்ணை மட்டும் கேட்டாத்தான்... "ஆமா அத்தை, அது என் தப்புதான்"னு சொல்ல அவளுக்கு வாய் வரும்.