மாப்பிள்ளைத் தோழன் நிற்கும் கிளிப்

“எங்கட கலியாணத்தில இப்ப ஒரு சனமும் இல்லை.”

துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில், பையைத் திறந்து காட்ட வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவன் தன் மனைவியிடம் இப்படிச் சொன்னான். இலங்கைத்துறையில் வீடியோக் கடை வைத்திருந்து, சண்டைக்குப் பயந்து டவுனுக்கு வந்தவர்கள் என்பது பேச்சிலேயே விளங்கியது.

“என்ன கதை இது?”

“சினேகிதன்ர கொம்பியூட்டரில எங்கட கலியாண வீடியோப் புரொஜெக்ட்டைத் திறந்து பாத்தனான். படத்துண்டு, கிளிப், இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுஞ் சிவப்பாக் கிடக்கு.”

“சீடியில எல்லாம் இருக்கெண்டு சொன்னீங்களே?”

“சீடியில புரொஜெக்ட்டை மட்டும்தான் அடிச்சனான், அதுக்குள்ள படம் இல்லை. எந்தக் கிளிப் எங்க இருக்கெண்டுதான் அதுக்குத் தெரியும். இப்பவும் எங்கட பழைய கடைக் கொம்பியூட்டருக்குள்ளதான் போய்த் தேடுது.”

அவள் பைக்குள்ளிருந்து கூறைச்சேலையை எடுத்து மடிப்பை விலக்கினாள். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தது.

“வெளிக்கிடேக்க கடைக் கொம்பியூட்டரில இருந்து நான் கழட்டினனான். உங்கள நம்ப ஏலாது.”

அவன் சத்தமாகச் சிரித்தான். சாவடியில் நின்ற சிப்பாய் திரும்பிப் பார்த்தான்.

“அப்ப பயமில்லை. ஒரு கிளிப்பை மட்டும் இந்த டிஸ்க்கில இருக்கெண்டு புரொஜெக்ட்டுக்குக் காட்டிவிட்டாக் காணும். மிச்சமெல்லாம் தானா வந்து சேரும்.”

“மெய்யாவோ?”

“ஓம்.”

அவள் டிஸ்க்கை மறுபடியும் சேலைக்குள் சுற்றினாள்.

“பாதை மூடினதில இருந்து என்ர தம்பி அங்காலதான். உயிரோட இருக்கிறானோ எண்டும் தெரியாது,” என்றாள். “முதல்ல அவன் மாப்பிள்ளைத் தோழனா நிக்கிற கிளிப்பைக் காட்டுங்கோ.”