பேரு வெட்டாத கார்டு

அந்த மைய அங்கிட்டு வைங்க நர்சம்மா, கைநாட்டு வைக்கிறேன். வைக்க மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்கன்னுதேன் சொல்றேன். நான் அவன் பொஞ்சாதி இல்ல.

ஆமா, செல்லத்தாய் நாந்தேன். ரேசன் கார்டுல இருக்கதும் எம்பேருதேன். அதுக்காக? முத்திருளனுக்கும் எனக்கும் துரும்பு கிள்ளிப் போட்டு ஒம்பது வருசம் ஆச்சு. துரும்புன்னாத் தெரியாதா? நீங்க எந்த ஊரு? நாகர்கோயிலா? அப்பத் தெரியாதுதேன். எங்க ஆளுகள்ல கோர்ட்டு கீர்ட்டெல்லாம் கெடையாது தாயி. நாலு பெரிய மனுசங்க முன்னால ஒரு வைக்கோத் துரும்பக் கிள்ளிப் பொம்பள கையில குடுத்துட்டாத் தீந்துச்சு. அவ மறுநாளே இன்னொருத்தனக் கட்டிக்கிட்டாலும் ஒருத்தரும் கேக்க முடியாது. இந்தா, முத்திருளன் முத்திருளன்னு வாய் நெறையப் பேரச் சொல்றேன்ல? கிள்ளாம இருந்தாச் சொல்லுவேனா?

அவன் பைக்குள்ளயா இருந்துச்சு அந்தக் கார்டு? பாருங்க, இன்னும் வச்சுக்கிட்டுத் திரியிறான். அதுல பேரு வெட்டிக் குடுத்தாத்தேன் இப்பக் கட்டியிருக்க எங்க வீட்டு மனுசன் கார்டுல என்னையச் சேப்போம்னு தாலுகாபீசுல சொல்லிப்புட்டாக. நாலு தடவ ஆளு விட்டுக் கேட்டேன். குடுக்கலயே! ஒம்பது வருசமா எம்பேரச் சொல்லிச் சீனி வாங்கித் தின்னுருக்கான். சீனிக்குத்தேன் வச்சிருந்தானா, இல்ல வேற எதுக்கும் வச்சிருந்தானா, நான் என்னத்தக் கண்டேன். எதுக்கோ இருந்துட்டுப் போகுது. எனக்கென்ன?

வேற ஆளா? யாரு இருக்கா? அப்பன் ஆத்தா போயிச் சேந்துட்டாக. எனக்குப் பெறகு அழகம்மாள்னு ஒருத்தியக் கட்டுனான். அவளுக்கும் வகுறு தெறக்கல. இவன் துரும்பெடுக்கட்டும்னு அவ காத்துக்கிட்டிருக்கல. மூணாம் வருசம் அவளே கிள்ளி இவன் மூஞ்சியில போட்டுட்டுப் போயிட்டா. கெட்டிக்காரி. நாந்தேன் கூறுகெட்டவ, ஆள விட்டுக் கூப்பிட்டீகன்னு வந்து நிக்கிறேன்.

காலையில பாத்த அதே காலத்தேன எடுக்கணும்னீக? வலதா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

கெணறு வெட்டுல கல்லு விழுந்துருக்கு. ஒடனே வராம எட்டு நாளு பச்சிலையக் கட்டிக்கிட்டுக் கெடந்தானாம். அவன் அப்பிடித்தேன், யாரு சொன்னாலும் கேக்க மாட்டான். அந்தக் காலாலதேன் என்னைய எத்துவான் நர்சம்மா. கையத் தூக்க மாட்டான் பாத்துக்கங்க, கை நோகும்ல. துரும்பு கிள்ளுன அன்னைக்குக் கருப்பு கோயில் வாசல்ல மண்ண வாரித் தூத்துனேன், அந்தக் காலு அழுகிப் போகணும்னு. ஒம்பது வருசங் கழிச்சு இப்பத்தேன் கருப்புக்குக் காது கேட்டுருக்கு. அழுகுன கால எடுக்க என்னையவே கூப்பிட்டுக் கைநாட்டு வையிங்கிறீக. நான் சிரிக்கவா, அழுகவா?

காலையில போர்வைய வெலக்கிக் காமிச்சீகள்ல? நல்லா வேணும்டான்னு சொல்லத்தேன் எட்டிப் பாத்தேன். பாத்தா, முந்தானைய மூக்குல பொத்திக்கிட்டு ஈ வெரட்டிக்கிட்டு நிக்கிறேன். என் கையப் பாத்து எனக்கே கேவலமா இருந்துச்சு. கண்ணத் தொறந்து, செல்லத்தாயின்னான். வேற யாரையோ கூப்பிடுறான்ங்கிறாப்புல வெளிய வந்துட்டேன்.

எதுக்கு அத்து விட்டானா? அஞ்சு வருசம் பிள்ளை இல்ல. மலடின்னான். எமர்ஜென்சி வந்துச்சே, அந்த வருசம், ஊரு மந்தையில அம்புட்டுப் பேரு முன்னால வச்சுச் சொன்னான். எட்டாம் நாளே எங்கண்ணன் வண்டியூர்ல ஒரு மனுசனுக்குக் கேட்டுச்சு. ரெண்டாந்தாரம். நான் யோசிக்கவே இல்ல, இப்பவே கட்டிக்கிறேன்னேன்.

அந்த மனுசன ஒரு கொற சொல்ல முடியாது. பூந்தோட்டம் வச்சிருக்காரு. எம் மக ஒச்சாயிக்கு எட்டு வயசாகுது, இன்னும் தோள விட்டு எறக்க மாட்டாரு. ஏழு மாசத்துல பெறந்த பிள்ளை, கொறமாசப் பிள்ளை, தண்ணியில காலு படக்கூடாது, வெயிலு படக்கூடாதும்பாரு. நீங்க சொல்லி விட்ட ஒடனே என்னையும் பிள்ளையையும் சைக்கிள்ல வச்சு மிதிச்சுக் கூட்டியாந்ததும் அவருதேன். போயி வச்சுட்டு வா, பாவம் ஒரு உசுருல்லங்கிறாரு. கீழ டீக்கடையில நிக்கிறாக ரெண்டு பேரும். இப்பிடி ஒரு மனுசன் வாச்சும் எம் மனசு மேல ஏறி வந்து இங்க நிக்குது பாருங்க. அதச் செருப்பால அடிக்கணும்.

டாக்டரு அவசரப்படுறாரா? இந்தா ஆச்சு. வைக்காட்டிச் செத்துருவானா? பொழுது சாயிறதுக்குள்ளயா?

சாகட்டும்னும் இருக்கு, சாகக் கூடாதுன்னும் இருக்கு. இப்பப் போயிட்டான்னா மலடின்னு சொன்ன வாயோடயே போயிருவான்ல? அத எப்பிடி விடுறது? கெடக்கட்டும். ஒத்தக் காலோட உசுரோட கெடக்கட்டும். அவன்ட்டச் சொல்றதுக்கு ஒரு வார்த்த வச்சிருக்கேன் நான். சொன்னா அவன் நெஞ்சு வெடிச்சுப் போகும். கீழ நிக்கிற மனுசனுக்கும் வெடிச்சுப் போகும். அதனால சொல்ல மாட்டேன். ஆனாச் சொல்றதுக்கு ஆளு இருக்கணும்ல?

கொண்டாங்க அந்த மைய. எந்த வெரலு? ம், இந்தா. நல்லா அமுக்கிட்டேன். கால எடுத்துட்டு ஆளக் குடுங்க.

இன்னும் என்ன? ஒறவா? அவனுக்கு நான் என்ன வேணும்னு எழுதணுமா? எழுதுங்க, எம் மகளுக்கு அப்பன்னு.

ஏன் தாயி அப்பிடிப் பாக்குறீக? அந்தத் துரும்பக் கையில வாங்குறப்ப எனக்கு நாள் தள்ளிப் போயி நாப்பது நாளு. சொல்லத்தேன் வாயத் தொறந்தேன். மலடின்னுட்டு அவன் சிரிச்சான். தொறந்த வாய மூடிக்கிட்டேன். கொறமாசமாம், கொறமாசம்.

அப்பிடியெல்லாம் எழுதக் கூடாதா? அப்பப் பொஞ்சாதின்னே போட்டுத் தொலைங்க. சத்தமா மட்டும் வாசிச்சிறாதீக. படியில அந்த மனுசன் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறி வாராரு.