ஈர மணலில் பதியாத கால்

நான் எழுத்துப் படித்தது மீன் சுற்றி வந்த தாளில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, ஏனென்றால் என் எழுத்து கோணலாக இருக்கும், படிக்கச் சிரமப்படுவீர்கள். ஓஸ்தியா துறைமுகத்தில் முப்பது வருடமாகக் கோதுமை மூட்டை தூக்குகிறேன். வலது தோள் நாலு விரல் இறங்கிப்போனது. நாற்பத்தாறு வயதில்தான் முதல் எழுத்தைப் போட்டேன்.

சொல்லிக்கொடுத்தவன் எபாஃப்ரா. ஒரு காலத்தில் பெரிய வீட்டில் எஜமானுக்குக் காவியம் படித்துக் காட்டிய அடிமை. விடுதலை கிடைத்த பிறகு வேறு வேலை அகப்படாமல் எங்களோடு மூட்டை தூக்க வந்தான். உப்பு மீன் வாங்கினால் கடைக்காரி பழைய நாணல்தாளில் சுற்றிக் கொடுப்பாள். ஒருநாள் வந்த தாள் நீளமானது. அதில் ஒரு போர்க்கதைப் பாட்டு. தலையும் இல்லை, வாலும் இல்லை, நடுவில் எண்ணெய்க் கறை. மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அதை விரித்துவைத்து எழுத்துக் கூட்டுவோம்.

"துர்பியோ, உனக்கு எழுத்து வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிரும்டா" என்பான்.

அந்தப் பாட்டில் ஒரு தளபதி. போர் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறான். யூனோ தேவிக்கு அதில் இஷ்டமில்லை. கிழட்டு ஓடக்காரன் உருவில் வந்து, காற்று சரியில்லை, இன்னும் நாலு நாள் பொறு என்கிறாள். அவனும் பொறுக்கிறான். அவள் திரும்பி நடக்கும்போது பார்க்கிறான், ஈர மணலில் கால் பதியவில்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிகிறது. அதற்குள் எதிரி கரையில் இறங்கிவிட்டான். தாள் அந்த இடத்தில் கிழிந்துவிட்டது.

எனக்குத் தளபதிமேல் பரிதாபம் வரவில்லை. தேவியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே ஒரு போடு போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

எபாஃப்ரா சிரித்தான். "சாமி கத்தியே எடுக்காதுடா. செருப்பு வாரை அவுத்து விடும், அவ்வளவுதான். மீதியை மனுசன் பாத்துக்குவான்."

என் மகன் ருஃபியோ ரோன் ஆற்றுப் படகுகளில் வேலைக்குப் போயிருந்தான். இரண்டு வருடத்தில் வருவதாகச் சொல்லிப் போனவன். என் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் நானும் அவன் பெண்டாட்டி அலியாவும்தான். ஒரு கோடைகாலம், படகுக்காரன் ஒருவன் கடிதம் கொண்டுவந்து தந்தான். மூட்டை இறக்கும் இடத்திலேயே எழுத்துக் கூட்டினேன். மூன்று வரி படிக்க மதியம் ஆகிவிட்டது. ருஃபியோ காய்ச்சலில் போய்விட்டான், ஆற்றங்கரையிலேயே எரித்துவிட்டோம் என்று கூட வேலை செய்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

சொல்லிவிடத்தான் வீட்டுக்குப் போனேன். அலியா என் கையில் தாளைப் பார்த்ததும் மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "படிங்க மாமா" என்று தரையில் உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். நான் நலம், ஆறு பெரியது, ரொட்டி மட்டும் உன் ரொட்டி மாதிரி இல்லை என்று படித்தேன். தாளில் அப்படி ஒன்றும் இல்லை.

அதன்பிறகு எழுத ஆரம்பித்தேன். இரண்டு மாதத்துக்கு ஒன்று. படகுக்காரன் தந்தான் என்பேன். படித்துக் காட்டும்போது என் குரல் கொஞ்சம் மாறும், அவன் மாதிரி. அதைக் கேட்க நானும் காத்திருந்தேன் ஐயா. அடுத்த கடிதம் எப்போது வரும் என்று மூட்டைக்கடியில் குனிந்து நடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இரண்டாம் வருடம் பக்கத்துத் தெரு ரொட்டிக்காரன் கர்போ அலியாவைக் கேட்டான். அவள் என்னிடம் மறைக்கவில்லை.

"எனக்கு இருபத்தாறு ஆச்சு மாமா. அவரு வரமாட்டாருன்னா சொல்லச் சொல்லி எழுதுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பதில் வந்தது. அடுத்த கோடைக்கு வந்துவிடுவேன், பொறுத்திரு என்று ருஃபியோ எழுதியிருந்தான். அவள் பொறுத்திருந்தாள். கர்போ வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். நல்ல மனிதன். இப்போது அவனுக்கு ஒரு பிள்ளை.

தப்பு எங்கே நடந்தது என்றால், போன மாதம் பருப்புப் பானையை இறக்கும்போது அலியா மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டாள். நான்தான் தேன் தடவிக் கட்டினேன். அந்த வாரம் படித்த கடிதத்தில், கைக்காயம் ஆறிவிட்டதா, பானையைத் துணி வைத்துப் பிடி என்று இருந்தது. மனசு கேட்காமல் எழுதிவிட்டேன். தெய்வமாக இருந்தால் எழுதியிருக்காது. என் கால் பதிந்துவிட்டது.

அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது ஆறு நாளைக்கு முன்னால பட்ட காயம். ரோன் ஆத்துக்கு யாரு மாமா போய்ச் சொன்னா?"

நான் தாளை மடித்தேன்.

"எப்போ போனாரு?"

மூன்று கோடை ஆகிறது என்றேன். அவள் அழவில்லை. உண்மைக் கடிதத்தைக் கேட்டாள். வீட்டுச்சாமி மாடத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தேன். என்னையே படிக்கச் சொன்னாள். இந்தத் தடவை உள்ளபடி படித்தேன். என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். அவள் சொன்னது வேறு.

"செத்தவங்க பேரை மூணு தடவை சத்தமா கூப்பிடணும் மாமா. மூணு வருசமா யாரும் கூப்பிடல. எங்கே அலைஞ்சிக்கிட்டு இருக்காரோ. நான் புத்தியோலிக்கு அம்மாகிட்டப் போறேன். அங்கே கல்லு நட்டு, ஊரைக் கூட்டிக் கூப்பிடறேன்."

யோசித்துப் பாருங்கள் ஐயா. அதுவரை ருஃபியோ ஆற்றில் படகு தள்ளிக்கொண்டிருந்தான். ரொட்டி சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தான். ஊர் கூடி மூன்று முறை கூப்பிட்டுவிட்டால் அவன் செத்துப்போவான். ஒரு தகப்பன் அதை இரண்டு தடவை பார்க்க முடியாது.

மறுநாள் காலை புத்தியோலிக் கப்பலுக்கு நானே அவளைக் கூட்டிப்போனேன். மூட்டையை முதலில் ஏற்றிவைத்தேன். கடிதத்தை மட்டும் அவள் மார்போடு வைத்திருந்தாள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடும் பலகையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அதன் தலை கப்பல் விளிம்பில் ஒரு சாண் ஏறியிருக்கவேண்டும். அப்போதுதான் அலைக்குக் கப்பல் விலகினாலும் தாங்கும். அவள் நடுப்பலகையில் இருந்தபோது தலை இரண்டு விரல்தான் ஏறியிருந்தது. கரைப்பக்கத்து முனை என் கையில் இருந்தது. நான் அவளைத் தொடவே இல்லை. கப்பல் விலகியது, பலகையோடு அவள் நடுவே விழுந்தாள், பிறகு கப்பல் வழக்கம்போலக் கரைக்கல்லோடு வந்து ஒட்டியது. சத்தம் பெரிதாக இல்லை.

எபாஃப்ரா பார்த்துக்கொண்டு நின்றான். "என்னடா பண்ணின?" என்றான். தெய்வச் செயல் என்றேன். அவன்தானே பாடம் சொன்னவன், புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பலகையை இழுத்தது நான்தான். எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

சவத்தை எடுத்தபோது பெயரைக் கூப்பிட உறவு என்று நான் ஒருவன்தான் இருந்தேன். நான் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிடவேண்டும்? முந்தாநாள் புத்தியோலிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அம்மா, நான் ரோன் ஆற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டேன், அவர் நலம், என் ரொட்டியைத்தான் சாப்பிடுகிறார், கைக்காயம் ஆறிவிட்டது என்று அதில் இருக்கும்.

பதில் வந்தால் இங்கே சிறைக்கு, என் கையில் தரச்சொல்லுங்கள் ஐயா. அலியாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டவேண்டும்.