கடைசி யாரு?

—பாதம் ரெண்டும் வீங்கிப் போய்க் கிடக்கு, ரெபேகா. காலையிலேர்ந்து நூத்திப்பத்து பெட்டி மாம்பழம் இறக்கியிருக்கேன். நீ எடுத்த படத்த நாளைக்கு எல்லாரோடயும் சேர்ந்து பாத்துக்கறேன். விடு தாயி.

—ஒரு நிமிஷம், ஒஸ்மானி ஐயா, உக்காருங்க. இங்க மெக்சிகோவுல, தபாச்சூலாவுல இருக்கற கியூபாக்காரங்க அத்தனை பேரும் நாளைக்கு வர்றாங்க. படத்துல நீங்க ஒருத்தர் பேரைச் சொல்லிக் குத்தம் சொல்றீங்க. சரிபாக்காம நான் எப்படிப் போடறது?

—என்னத்தச் சரிபாக்க? அன்னிக்குச் சொன்னதுதான். ஊர விட்டு இங்க நடந்து வந்தப்போ, தாரியென் காட்டுல அந்த ஆறு. இவ முன்னாலயே அக்கரை ஏறி நடந்துட்டா. அந்தக் கரையிலேர்ந்து வழிகாட்டி 'கடைசி யாரு'ன்னு கத்துனான். வில்ஃப்ரெதோ 'நான்'னான். எல்லாரும் ஏறிட்டோம்னு நெனச்சு ஆத்துக்குக் குறுக்க கட்டியிருந்த கயித்த அவுத்துட்டாங்க. என் மச்சினன் நோயெல் இந்தப் பக்கமே நின்னுட்டான். முடிஞ்சுது.

—உனக்கு முடிஞ்சுது. எனக்கு அவன் கூடப்பொறந்தவன். நீ போடு, ரெபேகா. வில்ஃப்ரெதோ பேரு கொட்டை எழுத்துல வரட்டும். எங்க ஊரு காமாகுவேய் பூரா பாக்கட்டும்.

—லிஸ்பெத் அக்கா, வில்ஃப்ரெதோ நேத்து என்னைப் பாக்க வந்தார்.

—ரெண்டு வருஷமா அவன் மூஞ்சியில கதவ அடைச்சுக்கிட்டு இருக்கேன். இப்ப உன் வாசலுக்கு வந்துட்டானா, அழுது காட்ட?

—அழல. ஒரு போன் குடுத்தார். ஆத்துல இறங்கறப்போ வீடியோவ ஓட விட்டுப் பையில போட்டு கழுத்துல மாட்டியிருந்தாராம். பை கிழிஞ்சு தண்ணி குடிச்சுடுச்சு. போன வாரம்தான் யாரோ ரிப்பேர் பண்ணிக் குடுத்தாங்களாம். படம் வெறும் இருட்டு. சத்தம் மட்டும் இருக்கு. அதுல ஒரு பேச்சு மெக்சிகோக்காரி எனக்கு விளங்கல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

—எந்திரி புள்ள, வீட்டுக்குப் போவோம். செத்தவன் குரலக் கேட்டு இப்ப என்ன ஆகப்போகுது?

—அதுல நோயெல் பேசறான்னு உனக்கு யாரு சொன்னா?

—சும்மா... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

—போடு, ரெபேகா. சத்தமா வை.

—இந்த இரைச்சல் ஆறு. இப்போ கேளுங்க.

—"ஒஸ்மானி மச்சான், வயிறு கலக்குது. அந்த மரத்துப் பக்கம் போயிட்டு ஓடியாந்துடறேன். உங்களுக்குப் பின்னால நான்."

—"சரிடா. சீக்கிரம் வா."

—ஐயோ, என் சாமி! அவனேதான்! மூக்கால பேசறான் பாரு, சளி புடிச்சிருக்கு அவனுக்கு. இன்னொரு தடவ போடு. இன்னொரு தடவ!

—போடறேன் அக்கா. ஆனா இந்த 'உங்களுக்குப் பின்னால நான்' இருக்கே, அதான் எனக்குப் புரியல. அவர் விலகித்தானே போறார்? அப்புறம் எப்படிப் பின்னால?

—நீ எங்க ஊரு ரொட்டிக்கடையில நின்னதில்ல. நாங்க ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கமாட்டோம். வந்ததும் 'கடைசி யாரு'ன்னு கேப்போம். 'நான்'னு ஒரு ஆளு கை தூக்கும். 'அப்ப உங்களுக்குப் பின்னால நான்'னு சொல்லிட்டு நிழலுக்குப் போவேன், அடுப்ப அணைச்சுட்டு வருவேன், புள்ளைக்குப் பால் குடுத்துட்டும் வருவேன். என் இடம் எங்கயும் போவாது. அந்த ஆளுதான் அதுக்குக் காவல். அடுத்து எவன் வந்து கேட்டாலும் 'எனக்குப் பின்னால ஒருத்தி இருக்கா'ன்னுதான் சொல்லணும். 'கடைசி நான்'னு வாயத் திறக்கவே...

—ஏன் அக்கா நிறுத்திட்டீங்க?

—அடுத்தத போடு.

—லிஸ்பெத், வேணாம் புள்ள.

—போடுன்னு சொன்னேன்.

—"அந்தக் கரையில கடைசி யாரு? தண்ணி ஏறுது, கயித்த அவுக்கப் போறேன்!"

—"நான்! நான்தான் கடைசி! எனக்குப் பின்னால ஆளில்ல!"

—நிறுத்து. இது வில்ஃப்ரெதோ குரல் இல்ல.

—அந்த இரைச்சல்ல எல்லார் குரலும் ஒண்ணு போலத்தான் கேக்கும்.

—பதினாறு வருஷம் உன் பக்கத்துல படுத்தவ நான். நீ தும்மினாலே பத்து வீடு தள்ளி எனக்குத் தெரியும்.

—மறந்துட்டேன் புள்ள! ஆறு நாள் நடை. கால் நகமெல்லாம் கழண்டு தொங்குது. 'கடைசி யாரு'ன்னு கேட்டதும் வாய் பழக்கத்துல வந்துடுச்சு.

—பழக்கமா? பழக்கத்துல வந்திருந்தா 'எனக்குப் பின்னால ஒருத்தன் இருக்கான்'னுல்ல வந்திருக்கும்? நாலு வயசுலேர்ந்து வரிசையில நின்னவனுக்கு வேற எது வரும்?

—எனக்கு ஒண்ணும் ஓடல அப்ப.

—வில்ஃப்ரெதோ பேரு மட்டும் ஓடுச்சா? அவன் பொண்டாட்டி சந்தையில எதிர்ல வந்தா காறித் துப்புவேனே! நீயும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த? கூடையப் புடிச்சுக்கிட்டு, மரம் மாதிரி!

—ஒரு நிமிஷம், அக்கா. ஐயா, அந்தக் குத்தம் சொல்ற இடத்தை நான் எடுத்துடறேன். நோயெல் வழியில காணாமப் போனார்னு மட்டும் வரட்டும்.

—எடுக்காத. காணாமப் போறதுக்கு அவன் என்ன செருப்பா? கேமராவ வை. பொய் சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும்.

—ஒஸ்மானி ஐயா, உங்க சம்மதம் இல்லாம நான் படம் புடிக்கமாட்டேன்.

—வை தாயி. அவ சொல்றதச் செய்.

—ஓடுது. எப்போ வேணும்னாலும் ஆரம்பிங்க.

—என் பேரு ஒஸ்மானி. ஊர்ல கரும்பு வெட்டினவன். வில்ஃப்ரெதோ எனக்கு முன்னால நின்னான், அவன் வாயே திறக்கல. கடைசி ஆளுன்னு சொன்னது நான். மறந்து சொல்லல. தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு. பின்னால ஒருத்தன் இருக்கான்னா நான் அங்கயே அவனுக்காக நிக்கணும். நோயெல் என்னைக் கூப்பிட்டான், ரெண்டு தடவ. கேட்டுக்கிட்டேதான் கயித்தப் புடிச்சேன். என் பொண்டாட்டி லிஸ்பெத்துக்கு நான் ஒரு தம்பி கடன்பட்டிருக்கேன்.